பாலம் ஏறும்போது வண்டி செத்துப்போகிறதா? டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

போன ஆடி மாசம் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தன் டாக்சியைக் கொண்டுவந்து உச்சிப்புளியில் என் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார். டீசல் வண்டி, டர்போ உள்ளது; புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிற சாமான் அது. இறங்கியதும் இறங்காததுமாக, "அண்ணே, மண்டபம் தாண்டி பாலம் ஏறுறப்ப வண்டி அப்படியே செத்துப்போகுது. மிதிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்றார். ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். ஸ்கேனரை மாட்டி, பி0234 என்று எரர் கோடு (பிழைக் குறியீடு) வந்ததும், "டர்போ போச்சு, மாத்தணும்" என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அவருக்கு அது மூன்று மாதச் சவாரிக் காசு.

அந்த வண்டியில் டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போயிருந்தது கட்டைவிரல் நகமளவு ஒரு சாமான். அதை எப்படிக் கண்டுபிடித்தேன், இப்படி ஒரு வண்டி வந்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். வண்டி வைத்திருப்பவர்களும் படிக்கலாம், தொழில் பழகும் தம்பிகளும் படிக்கலாம்.

முதலில் பி0234 என்ன சொல்கிறது என்று புரிய வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தைவிட அதிகக் காற்று வந்துவிட்டது, அதாவது ஓவர்பூஸ்ட். அவ்வளவுதான். டர்போ கெட்டுப்போனது என்று அந்தக் கோடு எங்கும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்: பேரிங் தேய்ந்து, இறக்கை உடைந்த டர்போ காற்றைக் குறைவாகத்தான் அடிக்கும். அதற்கு வருகிற கோடு வேறு, பி0299. அளவுக்கு மீறி அடிக்கிற டர்போவுக்கு அடிக்கிற பலம் இருக்கிறது, அடக்குகிற ஆள்தான் இல்லை. காளை திமிறிக்கொண்டு ஓடினால் மூக்கணாங்கயிற்றைப் பார்ப்போமா, காளையை விற்று வேறு காளை வாங்குவோமா?

இதைச் சும்மா விடவும் கூடாது. கார் டர்போவின் சின்னத் தண்டு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுவரை சுற்றக்கூடியது. அளவைத் தாண்டி அடித்தால் தண்டுக்கும் ஆபத்து, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கெட்டுக்கும் ஆபத்து. பெட்ரோல் டர்போ என்றால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வந்து பிஸ்டனே போகலாம். அதனால்தான் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்து வண்டியை முடக்குகிறது. அதைத்தான் லிம்ப் மோடு என்கிறோம். 'எரர் கோடை அழித்துக்கொண்டு ஓட்டுவோம்' என்று ஆறு மாசம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்னொன்றும் உண்டு: பாம்பன் பாலத்து ஏற்றத்தில், பின்னால் பஸ்ஸும் மீன் லாரியும் வரும்போது பிக்கப் போனால் அது எஞ்சினோடு முடிகிற விஷயம் இல்லை.

பானெட்டைத் திறக்கும் முன் நான் மூன்று கேள்வி கேட்பேன். எப்போது வருகிறது? சமீபத்தில் யாராவது எதையாவது கழற்றி மாட்டினார்களா? பவர் கூட்ட ரீமேப் (கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), டியூனிங் பாக்ஸ் ஏதாவது போட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் முதலில் அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியம். கிளட்ச் வேலைக்கோ ரேடியேட்டர் வேலைக்கோ போன வண்டியில் சின்ன ஹோஸ் இரண்டை இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். டர்போவை அடக்குகிற காற்று வழியை மின்சாரத்தால் திறந்து மூடுகிற சின்ன வால்வுதான் சோலினாய்டு; அதில் மூன்று வாய், மூன்றும் ஒரே தடிமன். நீங்கள் கழற்றினாலும் முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

அடுத்து ஸ்கேனர். பெரிய கருவி வேண்டியதில்லை, போனோடு புளூடூத்தில் பேசுகிற சின்ன அடாப்டரே ஆரம்பத்துக்குப் போதும். சாவியை ஆன் பண்ணுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இன்டேக் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று சென்சார் சொல்வதைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெளிக்காற்றுதான். நாம் இருப்பது கடல்மட்டம், அதனால் 100-க்கும் 102-க்கும் நடுவில் கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கடலோரத்துக்காரர்களுக்குக் கணக்கு சுலபம். கொடைக்கானலில் இதே வண்டி 80-ஐ ஒட்டிக் காட்டும், அங்கே அதுதான் சரி. காற்றழுத்தத்தைத் தனியாகக் காட்டுகிற வண்டி என்றால் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு வண்டி இங்கேயே மாட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே 115 காட்டியது. காற்றே அடிக்காமல் எப்படி 115 வரும்? சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், எர்த் பின்னில் பச்சையாகக் களிம்பு. எர்த் சரியாகப் போகாவிட்டால் சென்சார் சிக்னல் இருப்பதைவிடத் தூக்கிக் காட்டும், கம்ப்யூட்டர் அதை நம்பிவிடும். பின்னைச் சுத்தம் பண்ணி, தளர்ந்த பின்னை மாற்றி, கனெக்டர் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டதும் 101-க்கு வந்தது. அந்த வண்டியில் ஓவர்பூஸ்ட் என்பதே நடக்கவில்லை.

டீசல் வண்டியில் சென்சார் மூக்கில் கரி அப்பியிருப்பதும் சகஜம். கழற்றி, எலெக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து, தானாக உலர விடுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு.

எண் படிப்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஸ்கேனர் காட்டுவது மொத்த அழுத்தம், வெளிக்காற்றும் சேர்ந்தது. 200 கிலோபாஸ்கல் என்று வந்தால் டர்போ கூடுதலாகக் கொடுப்பது ஏறக்குறைய 100 தான், அதாவது 1 பார், சுமார் 14.5 பிஎஸ்ஐ. டேஷ்போர்டில் தனியாக மாட்டிய பூஸ்ட் கேஜ் அந்தக் கூடுதலை மட்டும் காட்டும். இரண்டையும் கலந்துகொண்டு 'இரண்டு மடங்கு அடிக்குது' என்று பயந்து வந்தவர்கள் உண்டு.

சென்சார் சரி என்றால் இனிமேல்தான் உண்மையான வேலை. உங்கள் டர்போ எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். வேஸ்ட்கேட் வகையில் புகைக்காற்று டர்பைனுக்குள் (புகை சுழற்றுகிற சக்கரம்) போகாமல் விலகிப் போக ஒரு சின்னக் கதவு இருக்கும். பூஸ்ட் ஏறியதும் அதே காற்று ஒரு ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டர் டப்பாவுக்குப் போய், தண்டைத் தள்ளி, கதவைத் திறக்கும். விஜிடி (வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ) வகையில் கதவு கிடையாது, டர்பைனைச் சுற்றி அசைகிற இதழ்கள். அவை நெருங்கினால் பூஸ்ட் கூடும், விரிந்தால் குறையும். நம் பக்கம் ஓடுகிற பல டீசல்களில் வேக்கம் (பம்ப் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) இழுத்தால் இதழ்கள் நெருங்கும், வேக்கத்தை விட்டால் விரியும்.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது, பழைய ஆட்களே இதில் தடுமாறுவார்கள். வேஸ்ட்கேட் வண்டியில் அந்தச் சின்ன ஹோஸ் கிழிந்தால் கதவு திறக்காது, ஓவர்பூஸ்ட் வரும். வேக்கம் விஜிடி வண்டியில் ஹோஸ் கிழிந்தால் நேர்மாறாக, இதழ்கள் விரிந்தே நின்று பூஸ்ட் குறையும். கிழிசல் ஒன்றுதான், பலன் தலைகீழ். விஜிடி வண்டியில் ஓவர்பூஸ்ட் என்று வந்தால் ஹோஸ் கிழிசலைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். வெளியே பார்த்தும் ஏமாறக் கூடாது: ஒரே 1.3 மல்ட்டிஜெட் டீசலில் 75 குதிரைத்திறன் எஞ்சினுக்கு வேஸ்ட்கேட் டர்போ, 90 குதிரைத்திறனுக்கு விஜிடி.

வேஸ்ட்கேட் வண்டியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சுலபம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஆக்சுவேட்டருக்குப் போகிற ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம். கீழக்கரையிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்த வண்டியில் மேலிருந்து பார்க்க ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது. டர்போ பக்கத்து முனையை மடித்தபோதுதான் அடியில் வாய் பிளந்தது. சூட்டில் ரப்பர் வற்றல் மாதிரி முறுகிப்போயிருந்தது. வெப்பம் தாங்கும் ஹோஸ் ஒரு சாண், கிளிப் இரண்டு, வேலை முடிந்தது.

ஹோஸ் நன்றாக இருந்தால் ஆக்சுவேட்டரைச் சோதியுங்கள். கேஜ் உள்ள கால் பம்ப் போதும். ஹோஸைக் கழற்றி பம்பை மாட்டி மெதுவாக அழுத்தம் கொடுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், ஆனாலும் 1 பாருக்குள் தண்டு அசைய ஆரம்பித்து வழவழவென்று போய், விட்டதும் திரும்ப வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் லைனை நேராக வைத்துவிடாதீர்கள், உள்ளே உள்ள டயாப்ரம் கிழியும். தண்டு அசையவே இல்லை, அழுத்தமும் நிற்கிறது என்றால் கதவின் அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கிறது. நம் கரையில் இது நிறைய. அழுத்தமே நிற்காமல் இறங்கினால் டயாப்ரம் ஓட்டை.

இன்னொரு சோதனை உண்டு. சோலினாய்டைத் தவிர்த்து, டர்போ காற்றை வெளியே தள்ளுகிற வாயிலிருந்து நேராக ஆக்சுவேட்டருக்கு ஒரு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கினால் குற்றம் சோலினாய்டு பக்கம். அப்படியும் ஏறினால் குற்றம் கதவிலோ ஆக்சுவேட்டரிலோ. தண்டு நட்டைத் திருகி பூஸ்டைக் குறைக்கிற வைத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் குறையும்.

இனி விஜிடி. தங்கச்சிமடத்துத் தம்பியின் வண்டி இந்த வகை.

ரோட்டில் ஓட்டி ரீடிங் எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஓட்ட, ஒருவர் போனைப் பார்க்க. ஓட்டுகிறவர் எண்ணைப் பார்க்கவே கூடாது. விடிகாலையில், ஆடுமாடு இல்லாத நேரான ரோட்டில் எடுங்கள். பாலத்திலும் தனுஷ்கோடி ரோட்டிலும் வேண்டாம், அங்கே மணலும் உண்டு, செல்ஃபி எடுக்கிற கூட்டமும் உண்டு. மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து, கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட் இரண்டையும் பதிவு செய்யுங்கள். எண் மிதமிஞ்சி ஏறினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

பதிவைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கேட்ட எண்ணே வழக்கத்துக்கு மேல் என்றால் யாரோ கம்ப்யூட்டர் மேப்பில் கை வைத்திருக்கிறார்கள். வந்தது ஒரு நொடி துள்ளி உடனே இறங்கினால் இதழ்கள் மந்தமாக அசைகின்றன, கரி சேர ஆரம்பித்திருக்கிறது. துள்ளி அங்கேயே நின்றால், ஒன்று இதழ் இறுகியிருக்கிறது, இல்லாவிட்டால் வேக்கம் வெளியேற மாட்டேன் என்கிறது. தம்பியின் வண்டி 215 கேட்டது, 248 வந்து அங்கேயே நின்றது. அடுத்த நொடி வண்டி முடங்கியது.

இப்போது இதழா, வேக்கமா? எஞ்சினை ஐடிலில் விட்டு ஆக்சுவேட்டர் தண்டைப் பாருங்கள், உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். ஆஃப் பண்ணியதும் தண்டு டக்கென்று திரும்ப வேண்டும். தம்பியைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஃப் ஆனது. தண்டு விழவில்லை. மெதுவாக, அலை வடிகிற மாதிரி, நாலைந்து நொடி எடுத்துக்கொண்டு திரும்பியது.

இதழ் இறுகியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் முடிவெடுக்க அது போதாது. ஆக்சுவேட்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி ஹேண்ட் வேக்கம் பம்பை மாட்டினேன். பம்ப் அடிக்க அடிக்கத் தண்டு தங்குதடை இல்லாமல் உள்ளே போனது. பிடித்துவைத்தேன், ஒரு நிமிஷம் ஆகியும் முள் இறங்கவில்லை. வால்வைத் திறந்தேன், டக்கென்று திரும்பியது. பத்துத் தடவை செய்தேன், பத்தும் ஒரே மாதிரி. இதழ்கள் சுத்தம், ஆக்சுவேட்டர் சுத்தம். அங்கேயே தம்பியிடம், "அந்தத் தாளைக் கிழிச்சிருப்பா, டர்போ நல்லாயிருக்கு" என்றேன். அவர் கிழிக்கவில்லை, வண்டி சரியாகட்டும் என்று வைத்துக்கொண்டார். நியாயம்தான்.

பம்ப் கையில் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை ஒரு ஸ்க்ரூ வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி இழுக்காமல் மந்தமாகப் போனால் டர்போ சொன்னபடி கேட்கிறது, குற்றம் கட்டுப்படுத்துகிற பக்கம். வேக்கமே இல்லாதபோதும் பூஸ்ட் ஏறினால் இதழ் இறுகிவிட்டது. ஹோஸை அடைக்காமல் மட்டும் ஓட்டக் கூடாது: அதே வேக்கம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் போகிறது, பிரேக் கல் மாதிரி ஆகிவிடும்.

மிச்சம் இருந்தது சோலினாய்டு. அதன் மூன்று வாயில் ஒன்று வேக்கம் வருகிற வழி, ஒன்று ஆக்சுவேட்டருக்குப் போகிற வழி, மூன்றாவது வெளிக்காற்று உள்ளே வருகிற வழி. அந்த மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. இதழை விரிக்க வேண்டும் என்றால் சோலினாய்டு அதன் வழியாகக் காற்றை உள்ளே விட்டு வேக்கத்தைக் கலைக்க வேண்டும். அங்கே காற்று வராவிட்டால் ஆக்சுவேட்டர் இழுத்தபடியே நிற்கும், இதழ் நெருக்கியபடியே நிற்கும், பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது வாயின் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணச் சொன்னேன். தண்டு டக்கென்று விழுந்தது.

மூடிக்குள் ஒரு சின்னப் பஞ்சு ஃபில்டர். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. விரலில் வைத்து நசுக்கினேன், நறநறவென்றது. ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) மாதங்களில் தினம் இரண்டு நடை தனுஷ்கோடி போய்வருகிற வண்டி அது. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்து டாக்சிகள் எல்லாமே அந்த மணலையும் உப்பு ஈரத்தையும் சேர்த்துத்தான் மூச்சு விடுகின்றன. நான் மண்டபத்தில் போட் எஞ்சினில் தொழில் பழகியவன். பெரிய சாமானை உப்பு மெதுவாகத்தான் தின்னும், சின்ன வழியை முதலில் அடைக்கும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த மூடி வரைக்கும் தேட எனக்குத் தோன்றியது.

சோலினாய்டையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் 10 முதல் 30 ஓம் வரை இருக்கும், சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில். 12 வோல்ட் கொடுத்தால் க்ளிக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தாலும் உள்ளே வால்வு உட்காராமல் இருக்கலாம், ஊதிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிக்கு இந்த வேக்கம் பாடம் எதுவும் பொருந்தாது. அங்கே கனெக்டரையும் பொசிஷன் ரீடிங்கையும் பார்க்க வேண்டும், ஆக்சுவேட்டரை மாற்றினால் பெரிய ஸ்கேனரில் அதற்கு எல்லையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது தெரிந்தவரிடம் போவதே நல்லது.

ஒருவேளை இதழ்தான் இறுகியிருக்கிறது என்றால்? அப்போதும் புது டர்போ கடைசி வழி. கழற்றி, டர்பைன் ஹவுசிங்கில் குறி போட்டுப் பிரித்து, கரியை ஊறவைத்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். எல்லை நிர்ணயிக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அது தொழிற்சாலையில் காற்றோட்டம் அளந்து வைத்தது. மாட்டும்போது கேஸ்கெட் புதிது, ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட். கழற்றாமல் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கரைந்த கரி கீழே போய் மறுபடி ஒட்டும்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்பதை நம் டாக்சித் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ராமேஸ்வரம் கோயில் வாசலில் சவாரிக்காரர் தீர்த்தமாடி வரும்வரை ஏசி போட்டு இரண்டு மணி நேரம் ஐடிலில் நிற்கிறது வண்டி. ஐடிலில் புகை சூடேறாது, இதழ் அசையாது, கரி படியும். வாரத்தில் ஒரு நாளாவது மதுரை ரோட்டில் எஞ்சின் சூடான பிறகு ஒரு கியர் குறைத்து, 2,500 - 3,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். டீசல் கூடச் செலவாகும் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சூடாக இருக்கிற டர்போ மேல் தண்ணீர் படக் கூடாது, கனெக்டர்களில் பிரஷர் வாஷ் அடிக்கக் கூடாது.

தம்பியின் வண்டிக்குப் புது ஃபில்டர் போட்டு, மூன்றாவது வாய்க்கு ஒரு சாண் ஹோஸ் கொடுத்து, மணல் தெறிக்காத உயரத்தில் பேட்டரிக்குப் பின்னால் கட்டிவிட்டேன். எரர் கோடை அழித்து அவரையே ஓட்டச் சொல்லி, போனோடு பக்கத்தில் உட்கார்ந்து பாம்பன் வரை போனேன். மண்டபம் முகப்பில் அவர் காலைத் தயங்கித் தயங்கி மிதித்தார். "மிதிப்பா" என்றேன். ஏற்றத்தில் 215 கேட்டது, 218 வந்தது, 214-க்கு இறங்கி நின்றது. பாம்பன் இறக்கத்தில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ரீடிங் அனுப்பச் சொன்னேன், ஒரு தடவை சரியாக ஓடியதை மட்டும் நம்பி நான் வண்டியை விடுவதில்லை. இப்போது கச்சான் ஓய்ந்ததும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை வந்து அந்த மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்.